ராமநாதபுரம் கடலோர உயிர்களும் சிவப்புப் பட்டியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இரண்டு கடல்கள். வடக்கே தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பாக் விரிகுடா. தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் மன்னார் வளைகுடா. இந்த இரண்டிலும் எந்த உயிரினம் அழியும் ஆபத்தில் இருக்கிறது, அதை யார், எந்தக் கணக்கில் முடிவு செய்கிறார்கள் என்று மீனவர்களும் மாணவர்களும் செய்தியாளர்களும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில். சில கேள்விகள் கோபத்தோடு கேட்கப்படுபவை. அவற்றுக்குத்தான் பதில் நீளம்.

சிவப்புப் பட்டியல் என்றால் என்ன? யார் தயாரிக்கிறார்கள்?

ஐ.யு.சி.என். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1964 முதல் நடத்திவரும் பட்டியல். ஓர் இனம் அழிந்துபோகும் ஆபத்து எவ்வளவு என்பதை மட்டும் அது சொல்கிறது. எது அழகு, எது பயன், எதற்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும், எதைப் பிடித்தால் சிறை என்பதெல்லாம் அதன் வேலை இல்லை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் கீழே உள்ள கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

இதுவரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இனங்களை மதிப்பிட்டிருக்கிறார்கள். அவற்றில் 45,000க்கும் மேல் ஆபத்தில் இருப்பவை. மதிப்பீட்டை எழுதுபவர்கள் அந்தந்த இனத்தை ஆராய்கிறவர்கள். ஆமைக்கு ஒரு நிபுணர் குழு, சுறா-திருக்கைக்கு ஒன்று, கடல்பசு வகைக்கு ஒன்று என்று இருக்கின்றன. பறவைகளை பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் பார்த்துக்கொள்கிறது. எழுதியவர் அல்லாத வேறு ஒருவர் சரிபார்த்த பிறகுதான் வெளியாகும்.

வகைகள் என்னென்ன?

ஆபத்தின் ஏறுவரிசையில் சொன்னால்: கவலை குறைந்த இனம், அச்சுறுநிலையை அண்மித்த இனம், அழிவாய்ப்பு இனம், அருகிய இனம், மிக அருகிய இனம், இயலிடத்தில் அற்றுவிட்ட இனம், அற்றுவிட்ட இனம். இவற்றில் அழிவாய்ப்பு, அருகிய, மிக அருகிய ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் "ஆபத்தில் உள்ளவை" என்கிறோம். வரிசைக்கு வெளியே இரண்டு: தரவு போதாத இனம், மதிப்பிடப்படாத இனம். நம் கடலின் புழு, சிப்பி, பாசி, சிறு நண்டு வகைகளில் பெரும்பாலானவை கடைசியில் சொன்ன அந்த மதிப்பிடப்படாத கூட்டத்தில்தான் கிடக்கின்றன.

ஒன்றை "அருகியது" என்றும் இன்னொன்றை "மிக அருகியது" என்றும் எந்தக் கணக்கில் பிரிக்கிறார்கள்?

ஐந்து அளவுகோல்கள் உண்டு. ஏதாவது ஒன்றில் வரம்பைத் தாண்டினாலே போதும். எதில் அதிக ஆபத்து காட்டுகிறதோ அதுவே வகை.

முதலாவது, எண்ணிக்கை எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது. 10 ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இரண்டில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் 80 சதவீதம் குறைந்திருந்தால் மிக அருகியது, 50 என்றால் அருகியது, 30 என்றால் அழிவாய்ப்பு இனம். குறைந்ததற்கான காரணம் தெரிந்து, அது நின்றும் போய், நிலைமை மீளக்கூடியதாகவும் இருந்தால் வரம்பு 90, 70, 50 என்று தளரும்.

இரண்டாவது, வாழும் பரப்பு. மூன்றாவது, எண்ணிக்கை ஏற்கெனவே சிறியது, மேலும் குறைந்துவருகிறது என்ற நிலை. நான்காவது, இனப்பெருக்க வயதை எட்டியவை மொத்தமே விரல்விட்டு எண்ணும்படி இருப்பது: 50க்குக் கீழ் மிக அருகியது, 250க்குக் கீழ் அருகியது, 1,000க்குக் கீழ் அழிவாய்ப்பு. ஐந்தாவது கணித மாதிரி. அதற்கு வேண்டிய தரவு மிகச் சில இனங்களுக்குத்தான் இருப்பதால் அதிகம் பயன்படுவதில்லை.

கடல்பசுவை எடுத்துப் பார்ப்போம், நம் கரையில் ஆவுளியா என்கிறார்களே அதுதான். உலக அளவில் அது 1982 முதல் அழிவாய்ப்பு இனம். ஆஸ்திரேலியாவில் பெரிய கூட்டங்கள் இருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். இந்தியக் கடல்களில் மொத்தமே சுமார் 200 இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதுவும் பாக் விரிகுடா-மன்னார், கட்ச் வளைகுடா, அந்தமான் என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று இடங்களில். 200ல் குட்டிகளைக் கழித்தால் இனப்பெருக்க வயதுள்ளவை இன்னும் குறையும். ஆக, இந்தியாவை மட்டும் எல்லையாக வைத்துக் கணக்குப் போட்டால் நான்காவது அளவுகோலிலேயே அது "அருகிய" வகைக்கு வந்துவிடுகிறது. மற்ற அளவுகோல்களைத் தொடக்கூட வேண்டாம்.

மூன்று தலைமுறை என்று ஏன் இவ்வளவு பின்னால் போகிறார்கள்?

மெதுவாகப் பெருகும் உயிர்களுக்குப் பத்து ஆண்டு என்பது ஒன்றுமே இல்லை என்பதால். கடல்பசு முதல் குட்டி போடவே பத்து வயதைத் தாண்டிவிடும். சினைக்காலம் 13, 14 மாதம். ஈனுவது ஒரே ஒரு குட்டி. அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை ஆகலாம். ஆயுள் 70 வரைகூடப் போகும். கடந்த பத்து ஆண்டு எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு "பெரிதாகக் குறையவில்லையே" என்று சொன்னால், கிழடுகள் மட்டும் மிஞ்சியிருப்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆவுளியாவுக்கு மூன்று தலைமுறை பின்னால் போனால் நம் தாத்தாக்கள் வல்லத்தில் பாய் கட்டிப் போன காலத்துக்குப் போக வேண்டும். அப்போது யாரும் எண்ணி வைக்கவில்லை. அதனால்தான் பெரியவர்களின் நினைவு இந்த வேலைக்கு அலங்காரமாக இல்லாமல் சில இனங்களுக்கு இருக்கிற ஒரே தரவாக ஆகிறது.

பேராமை இப்போது ஆபத்தில் இல்லையாமே? அப்படியானால் பிடிக்கலாமா?

கூடாது. ஆனால் செய்தி உண்மைதான். 2025 அக்டோபரில் பேராமையை, அதாவது பச்சை ஆமையை, உலக அளவில் "அருகிய" வகையிலிருந்து "கவலை குறைந்த" வகைக்கு மாற்றினார்கள். 1970களிலிருந்து கணக்குப் பார்த்தால் உலக எண்ணிக்கை ஏறத்தாழ 28 சதவீதம் கூடியிருக்கிறது என்பது காரணம். முட்டையிடும் கரைகளைக் காத்தது, வேட்டையைத் தடுத்தது, வலையில் சிக்குவதைக் குறைத்தது எல்லாம் பல நாடுகளில் பல பத்தாண்டுகள் நடந்ததன் பலன்.

இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 வேறு பாதையில் போகிறது. நம் கடலுக்கு வரும் ஐந்து ஆமைகளும் (பேராமை, பங்குனி ஆமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை) அதன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. முதல் அட்டவணை உயிரை வேட்டையாடினால் மூன்றிலிருந்து ஏழு ஆண்டு வரை சிறை, அதோடு குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். சிவப்புப் பட்டியலில் வகை மாறினால் சட்ட அட்டவணை தானாக மாறாது. அதை மாற்ற அரசு தனியாக முடிவெடுக்க வேண்டும்.

உலகச் சராசரி உள்ளூர் நிலையை மறைத்துவிடும் என்பதும் உண்டு. ஏழுவரி ஆமை உலக அளவில் அழிவாய்ப்பு இனம். அதே ஆமையைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து மதிப்பிட்டபோது, தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் கூட்டம் மிக அருகியது என்றும், நம் பக்கத்து வடகிழக்கு இந்தியப் பெருங்கடல் கூட்டம் தரவு போதாதது என்றும் வந்தது. ஆமை ஒன்றுதான், பதில் மூன்று.

உலகப் பட்டியலே இருக்கும்போது வட்டாரப் பட்டியல் எதற்கு?

மேலே சொன்னதுதான் காரணம். எந்த எல்லைக்குள் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து வகை மாறும். 2022ல் கடல்பசுவைக் கிழக்கு ஆப்பிரிக்கக் கடலோரத்துக்கு மட்டும் மதிப்பிட்டபோது மிக அருகியது என்றும், நியூ கலிடோனியாவுக்கு மட்டும் பார்த்தபோது அருகியது என்றும் அறிவித்தார்கள். உலக வகை அப்போதும் அழிவாய்ப்பு இனமாகவே நின்றது.

வட்டார மதிப்பீடு இரண்டு படியாக நடக்கும். முதலில், வட்டாரத்துக்குள் இருக்கும் கூட்டத்தைத் தனியாக வைத்து, அதே ஐந்து அளவுகோல்களால் ஒரு வகை கொடுக்க வேண்டும். அப்புறம் வெளியே திரும்பிப் பார்க்க வேண்டும். பக்கத்துக் கடலிலிருந்து இந்த இனம் வந்து சேர்கிறதா? இங்கே அழிந்தாலும் அங்கிருந்து வந்து நிரப்புமா? நிரப்பும் என்றால் ஒரு வகை கீழே இறக்கலாம். வந்துகொண்டிருந்ததும் குறைகிறது என்றால் மேலே ஏற்ற வேண்டியும் வரலாம். வட்டாரப் பட்டியலில் மட்டும் "வட்டாரத்தில் அற்றுவிட்டது" என்ற வகை உண்டு. எப்போதாவது வழிதவறி வருகிற உயிருக்கும் மனிதர் கொண்டுவந்து விட்ட உயிருக்கும் "பொருந்தாது" என்று குறித்து ஒதுக்கிவிடுவார்கள்.

அப்படியானால் ராமநாதபுரம் மாவட்டத்துக்கென்று ஒரு பட்டியல் போட்டுவிடலாமே?

ஆர்வத்தோடு கேட்கப்படும் கேள்வி, பதில், வேண்டாம். இந்த அளவுகோல்கள் மிகச் சிறிய நிலப்பரப்புக்கு ஏற்றவை அல்ல. பரப்பு வரம்பைப் பாருங்கள்: மொத்தப் பரவல் 5,000 சதுர கிலோமீட்டருக்குக் கீழ் என்றாலே "அருகிய" வகையை எட்டும் அளவுக்கு வந்துவிடுகிறது. ஒரு மாவட்டத்தின் கடலோரத்தை மட்டும் வெட்டி எடுத்தால் அதற்குள் வாழும் எல்லாமே குறுகிய பரவல் கொண்டதாகத் தெரியும். காக்கைகூட ஆபத்தில் இருப்பதுபோலக் கணக்கு வரும்.

மாவட்ட எல்லை வருவாய்த் துறைக்கு வேண்டியது, கடலுக்கு இல்லை. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகள் பாம்பன் பக்கத்துச் சிங்கிள் தீவில் தொடங்கித் தூத்துக்குடி வரை தொடராகக் கிடக்கின்றன. 2022 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்த கடல்பசுப் பாதுகாப்பகம், 448 சதுர கிலோமீட்டர், பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் இருக்கிறது. அங்கே மேய்ந்த ஆவுளியா ராமநாதபுரம் எல்லை வந்துவிட்டதே என்று திரும்பிப் போகாது.

என் கருத்தில், போட வேண்டிய பட்டியல் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா இரண்டுக்கும் சேர்த்துத்தான். அதுவும் இலங்கைப் பக்கத்தையும் கணக்கில் எடுத்து. பாக் நீரிணையில் 1974லும் மன்னார் வளைகுடாவில் 1976லும் இரு நாடுகளும் கடல் எல்லைக் கோடு போட்டுக்கொண்டன. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கமும் ஆவுளியா அரிதுதான். எனவே இரண்டாவது படியில் "பக்கத்துக் கடலிலிருந்து வந்து நிரப்பும்" என்று சொல்லி வகையை இறக்கவும் வழியில்லை.

தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்தை எப்படி மதிப்பிடுகிறார்கள்?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. பரப்பு அளவுகோலில், ஓர் இனம் உண்மையில் குடியிருக்கும் இடத்தை இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, அது இருக்கிற கட்டங்களை எண்ணுவார்கள். கட்டம் ஒன்றுக்கு 4 சதுர கிலோமீட்டர். எடுத்துக்காட்டுக்கு, ஒரு பவள இனம் உலகத்திலேயே மனோலி, முயல் தீவு, அப்பா தீவு என்று சில தீவுகளைச் சுற்றி மட்டும் பத்துக் கட்டங்களில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 சதுர கிலோமீட்டர். "அருகிய" வகைக்கு இந்தக் கட்டக் கணக்கில் வரம்பு 500; அதற்குள் வந்துவிட்டது.

பரப்பு குறைவு என்பது மட்டும் போதாது. இடங்கள் மிகச் சிலவாக இருக்க வேண்டும், குறைவு தொடர வேண்டும், எண்ணிக்கை பெரிதாக ஏறி இறங்க வேண்டும். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு சேர வேண்டும். "இடம்" என்பதை எண்ணுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மூன்று தீவு என்றால் மூன்று இடம் என்று நினைப்போம். அப்படி இல்லை. ஒரே ஆபத்து ஒரே தடவையில் எவ்வளவு தூரத்தைத் தாக்குமோ அதுதான் ஓர் இடம். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த காலத்தில் ஆபத்து தீவுக்குத் தீவு தனித்தனி. படகு போன தீவில் பவளம் போயிற்று, போகாத தீவில் தப்பியது. இன்றைய பெரிய ஆபத்து கடல் வெப்பம். 2010லும் 2016லும் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. வெந்நீர் தீவு பார்த்து வருவதில்லை. தொடர் முழுக்கப் பரவுகிறது. அந்தக் கணக்கில் 21 தீவும் சேர்ந்து ஒரே இடம் என்றுகூட வாதிடலாம். "மிக அருகிய" வகைக்கான இட எண்ணிக்கை ஒன்று என்பதை நினைவில் வையுங்கள். பவளம் மாறவில்லை, தீவு மாறவில்லை, ஆபத்து மாறியதால் கணக்கு மாறுகிறது.

தீவுகளும் மாறாமல் இல்லை. 21ல் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. உலக அளவில், 892 பாறை கட்டும் பவள இனங்களை மறுபரிசீலனை செய்து 2024 நவம்பரில் வெளியிட்ட முடிவு, அவற்றில் 44 சதவீதம் ஆபத்தில் இருப்பதாகச் சொல்கிறது. 2008ல் இது மூன்றில் ஒரு பங்காக இருந்தது.

கடல் அட்டையைத் தொட்டால் எங்களுக்கு ஜெயில், இலங்கையில் லைசென்ஸ். இது என்ன நியாயம்?

இந்தக் கரையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். சுற்றி வளைக்காமல் பார்ப்போம்.

கடலடியில் ஊரும், உருளை உடல் கொண்ட கடல் அட்டைகள் எல்லாமே 2001ல் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதற்கு முன்பு கடல் அட்டை எடுத்து, அவித்து, காயவைத்து ஏற்றுமதி செய்வது மண்டபம், பாம்பன், பெரியபட்டினம் பக்கம் பல குடும்பங்களுக்குத் தொழில். நம் ஊரில் அதைச் சாப்பிடுவதில்லை. எல்லாம் கிழக்காசியச் சந்தைக்கு. வெள்ளை அட்டை எனப்படும் விலை உயர்ந்த இனம் 2013 மதிப்பீட்டில் உலக அளவிலேயே அருகியது. காரணம், அதே சந்தைக்காக இந்தியப் பெருங்கடல், பசிபிக் முழுக்க அள்ளி எடுத்தது. சில இனங்களுக்குத்தான் இந்த நிலை. எல்லா அட்டையும் ஒரே ஆபத்தில் இல்லை. சட்டம் மட்டும் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டது. மீனவர் வருத்தத்தில் இந்தப் பகுதி நியாயமானது என்றே நினைக்கிறேன்.

இலங்கை அதே இனத்தை உரிமம் கொடுத்து எடுக்க விடுகிறது, வடக்கு மாகாணக் கரையில் பண்ணையும் வைக்கிறது. சிவப்புப் பட்டியல் வகை எல்லைக்கோட்டின் இரு பக்கமும் ஒன்றுதான், சட்டம்தான் வேறு. எனவே "பட்டியலை மாற்று" என்று கேட்பதில் பயனில்லை. கேட்க வேண்டிய இடம் ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம். 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகும் கடல் அட்டை முதல் அட்டவணையிலேயே இருக்கிறது.

"தடை போட்டு இத்தனை வருஷமாச்சு, கடலில் அட்டை கூடிப்போச்சு" என்றும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் தடை வந்ததும் ஒரு காரியம் நடந்தது. அதுவரை ஏற்றுமதிக் கணக்கிலும் கரைக் கணக்கிலும் வந்துகொண்டிருந்த எண்ணிக்கை அன்றோடு நின்றுபோனது. இப்போது மிஞ்சியிருப்பது கடத்தலில் பிடிபட்ட மூட்டைகளின் எடைதான். அது கடலில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிடக் காவல் எவ்வளவு நடக்கிறது என்பதைத்தான் காட்டும். அவித்துக் காய்ந்த அட்டையில் இனம் கண்டுபிடிப்பதும் கஷ்டம். தோலுக்குள் இருக்கும் சுண்ணாம்பு நுண்துகள்களை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும். வழி ஒன்றுதான்: குறித்த இடங்களில், குறித்த மாதங்களில், கயிறு கட்டிக் கோடு போட்டு சங்குகுளிப்பவர்களை வைத்தே எண்ண வேண்டும், எண்ணியதைப் பொதுவில் வைக்க வேண்டும். கூடியிருந்தால் அது மீனவர் கையில் வலுவான ஆதாரம். கூடாவிட்டால் அதுவும் தெரிந்துபோகும்.

வேளா மீனை இருபது வயதுப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. அழிந்துவிட்டது என்று அறிவிக்கலாமா?

பார்க்கவில்லை என்பது ஒரு தகவல், அழிந்துவிட்டது என்பது ஒரு முடிவு. வாழக்கூடிய இடம் முழுக்க, அதன் வாழ்நாளுக்கு ஏற்ற நீண்ட காலம், முறையாகத் தேடியும் ஒன்றுகூட அகப்படவில்லை என்றால்தான் அப்படி அறிவிக்க முடியும். அவசரப்பட்டு அறிவித்தால் காவலும் போய்விடும், உயிரும் போய்விடும்.

வேளா, அதாவது இரு பக்கமும் பல் வைத்த ரம்பம் போன்ற நீண்ட மூக்கு உள்ள மீன், உலக அளவில் மிக அருகியது. அதன் ஆயுதமே அதற்கு எமன். எந்த வலையாக இருந்தாலும் அந்த மூக்கு மாட்டிக்கொள்ளும். 2001லேயே முதல் அட்டவணையில் சேர்ந்தது, ஆனால் அதற்குள் கூட்டம் மெலிந்துவிட்டிருந்தது.

பழைய மூக்குகள் கரையோர வீடுகளிலோ வழிபாட்டு இடங்களிலோ மாட்டியிருந்தால் அதுவும் தரவே. ஒரு பக்கத்துப் பற்களை எண்ணினால் எந்த இன வேளா என்பதை ஓரளவு சொல்லலாம். அடிப்பகுதியில் பல் இல்லாமல் வழவழப்பாக இருந்தால் அது ஒரு தனி வகை. எந்த ஆண்டு, எந்தக் கடலில், எந்த வலையில் கிடைத்தது என்று வீட்டுப் பெரியவருக்கு நினைவிருந்தால் எழுதி வையுங்கள். மூக்கைக் கைமாற்றவோ விற்கவோ வேண்டாம், சட்டம் பிடிக்கும்.

ஏலக்கூடத்தில் எல்லாத் திருக்கையும் "திருக்கை" என்றே பதிவாகிறது. இதனால் என்ன கெடுதல்?

நிறைய. மொத்தத் திருக்கை எடை ஆண்டுதோறும் அப்படியே இருப்பதாகக் கணக்கு காட்டும். உள்ளே பெரிய, மெதுவாகப் பெருகும் இனங்கள் குறைந்து, சிறிய, வேகமாகப் பெருகும் இனங்கள் அந்த எடையை நிரப்பியிருக்கும். ஓர் இனம் காணாமல் போவது கணக்கில் தெரியவே தெரியாது.

திருக்கைக்கு நெருங்கிய, சுறாபோல் நீண்ட உடல் கொண்ட உழுவையில் இது இன்னும் மோசம். 2001ல் சட்ட அட்டவணையில் சேர்த்த பெயர் ரிங்கோபேட்டஸ் ஜிடென்சிஸ். அந்த இனத்தின் கடல் மேற்கு இந்தியப் பெருங்கடல், ஆப்பிரிக்கக் கரை. நம் கரையில் இறங்கும் உழுவைகள் அதன் நெருங்கிய உறவினர்கள், வேறு இனங்கள். பெயர் தப்பினால் பாதுகாப்பும் தப்பிப்போகிறது. உழுவை வகைகளில் பெரும்பாலானவை 2019ல் உலக அளவில் மிக அருகியவை என்று மதிப்பிடப்பட்டன. துடுப்புக்கு இருக்கும் விலைதான் பெரிய காரணம்.

தனுஷ்கோடிப் பூநாரைகள் ஆபத்தில் இருக்கின்றனவா?

பெரும் பூநாரை உலக அளவில் கவலை குறைந்த இனம். 2025ல் தனுஷ்கோடியில் அதற்கென்று சரணாலயம் அறிவித்தது பூநாரை அழிந்துவருகிறது என்பதற்காக இல்லை. அது வந்து இறங்கும் சேற்றுத்திட்டு அருமையான இடம் என்பதற்காக. கூட்டத்தில் எல்லோரும் பூநாரையைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது அதன் காலடியில் ஓடுகிற சின்ன உள்ளான்களைப் பாருங்கள். 2024 அக்டோபரில் உலகம் முழுக்க 16 இடம்பெயரும் கரைப்பறவைகளின் ஆபத்து வகை ஏறியது. நம் கரைக்குக் குளிர்காலத்தில் வரும் வளைந்த அலகு உள்ளான் அவற்றில் ஒன்று. இப்போது அழிவாய்ப்பு இனம். கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

குருசடைத் தீவில் பவளத்தின் மேல் படர்ந்த கப்பாபைகஸ் பாசியும் பட்டியலில் வருமா?

வராது. வளர்ப்புக்காக வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது, எனவே வட்டாரப் பட்டியலில் "பொருந்தாது". ஆனால் பவளத்தின் மதிப்பீட்டில் "ஆபத்துகள்" என்ற பத்தியில் வரும்.

முத்துச்சிப்பி அழிந்துபோனதா?

இல்லை. கடைசியாக அரசு முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். நின்றது தொழில், இனம் இன்னும் பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில், இருக்கிறது.

"தரவு போதாது" என்றால் பயமில்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. தெரியாது என்று அர்த்தம். நாளைக்குக் கணக்கு கிடைத்தால் அது மிக அருகியதாகவும் இருக்கலாம், சாதாரணமாகவும் இருக்கலாம். கோப்பில் இப்படி எழுதிவிட்டால் அதன் பக்கம் யாரும் திரும்புவதில்லை என்பதுதான் நடைமுறையில் பெரிய தொல்லை.

மீனவர் சொல்வதை விஞ்ஞானிகள் ஏற்பார்களா?

ஏற்க விதியிலேயே இடமுண்டு. நேரடியாக எண்ணியது, மதிப்பிட்டது, ஊகித்தது, சந்தேகிப்பது என்று தரவுக்குத் தரம் பிரித்து, எதை எதன் அடிப்படையில் சொல்கிறோம் என்று எழுதினால் போதும். நேர்காணல் மூலம் கிடைக்கும் குறைவுக் கணக்கும் அதில் சேரும்.

எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. "முன்னே நிறைய இருந்துச்சா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "கல்யாணத்துக்கு முன்னே, நண்டு வலையில் ஒரு பருவத்துக்கு எத்தனை தடவை ஆவுளியா சிக்கியது? உங்கள் மகன் தொழிலுக்கு வந்த பிறகு எத்தனை?" என்று கேட்டால் எண் வரும். விசைப்படகுக்காரர் ஒன்று சொல்வார், நாட்டுப்படகுக்காரர் வேறு சொல்வார். இருவரும் போகும் ஆழம் வேறு, நாளும் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்கும்போது நாட்டுப்படகில் போகிறவர் கண்ணில் படுவது தனிக் கணக்கு. கடற்புல் மேல் குளித்து இறங்குகிறவர்களுக்கு ஆவுளியாவைப் பார்க்காமலேயே அது வந்ததைச் சொல்லத் தெரியும்: புல் வேரோடு பிடுங்கப்பட்டு, வெறும் மணல் தெரியும் நீண்ட குறுகிய தடம். அந்தத் தடத்தை எங்கே, எந்த மாதம் பார்த்தார்கள் என்பது விமானத்தில் பறந்து எண்ணுவதற்குச் சற்றும் குறைந்த தரவு இல்லை.

வலையில் சிக்கிய கடல்பசுவை உயிரோடு விடுபவர்களுக்கு வனத்துறை பரிசுத்தொகை தருகிறது. அதில் ஒரு கூடுதல் லாபம், விட்ட தேதியும் இடமும் பதிவாகிவிடுகிறது.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்வார்கள்?

பத்தாண்டுக்கு மேல் பழையதானால் மதிப்பீடு காலாவதி என்று கொள்வார்கள். ஆபத்து கூடியது தெரிந்தால் வகையை உடனே ஏற்றலாம். இறக்குவதற்கு மட்டும் பொறுமை வேண்டும்: மேல் வகைக்கான எந்த வரம்பிலும் ஐந்து ஆண்டாக வரவில்லை என்று உறுதியாக வேண்டும். வகை மாறியது உண்மையிலேயே நிலை மாறியதாலா, நமக்குத் தகவல் கூடியதாலா என்பதையும் தனியாகக் குறிப்பார்கள். செய்தி எழுதுகிறவர்கள் தயவுசெய்து அந்த வரியையும் படித்துவிட்டு எழுதுங்கள்.

இந்தியாவுக்கென்று தேசியச் சிவப்புப் பட்டியல் தயாரிக்கும் திட்டம் 2025ல் அறிவிக்கப்பட்டது. சுமார் 11,000 தாவர, விலங்கு இனங்களை 2030க்குள் மதிப்பிடுவது இலக்கு. நம் கடல் தரவு அதற்குள் போய்ச் சேர வேண்டும் என்றால் இப்போதே சேர்த்தாக வேண்டும்.

கரையில் ஆமை செத்து ஒதுங்கிக் கிடக்கிறது. நான் என்ன செய்தால் பட்டியலுக்கு உதவும்?

எடுக்காதீர்கள், ஆமை ஓட்டையும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள். அதுவரை நான்கு படம் போதும்: மேலோடு முழுதாக, தலை நேராக மேலிருந்து, அடிவயிறு தெரிந்தால் அது, அப்புறம் காயமோ வலைத் துண்டோ இருந்தால் அது. அளவுக்குப் பக்கத்தில் ஒரு செருப்பை வைத்து எடுங்கள்.

மேலோட்டின் நடுவரிசைக்கு இரு பக்கமும் உள்ள தகடுகளை எண்ணினால் இனம் தெரியும். பக்கத்துக்கு நான்கு, கண்களுக்கு நடுவே ஒரே ஜோடிச் செதில் என்றால் பேராமை. நான்கு தகடு, ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஓடு வேய்ந்ததுபோல ஏறியிருந்து, கண்களுக்கு நடுவே இரண்டு ஜோடி, வாய் கிளிமூக்கு என்றால் அழுங்காமை. ஐந்து தகடு, பெரிய தலை என்றால் பெருந்தலை ஆமை. ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் பங்குனி ஆமை. தனுஷ்கோடி பக்கம் ஆண்டின் முதல் மாதங்களில் முட்டையிட வருவது இதுதான். தகடே இல்லாமல் தோல் போர்த்தி ஏழு வரம்பு ஓடினால் ஏழுவரி ஆமை, உடனே யாருக்காவது போன் செய்யுங்கள்.

தேதி, இடம், அருகில் எந்த வகைப் படகுகள் தொழில் செய்கின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே எண்ணியவர்கள் ஓட்டில் பெயின்ட் குறி போட்டுவிட்டுப் போவதுண்டு. குறி இருந்தால் அதையும் படத்தில் தெரியும்படி எடுங்கள், ஒரே ஆமை இரண்டு தடவை கணக்கில் ஏறாது.